நாலாம் நம்பர் டப்பா

— மணி பதினொண்ணு இருபது. பன்னெண்டுக்கு ஃபோர்மேன் வந்து இந்தத் தாளை வாங்கிட்டுப் போவார். அதுக்குள்ள நீங்க எனக்கு உண்மையைச் சொல்லணும்.

— சொல்லிட்டேனே மேடம். இரும்பை வெட்டுற டிப் அரை நாள்கூட நிக்க மாட்டேங்குது. நான் என்ன பண்றது.

— உக்காருங்க.

— பரவாயில்ல, நிக்கிறேன். மில்லிங்காரனுக்கு நின்னாத்தான் பேச்சு வரும்.

— நின்னா பொய்தான் வருது. உக்காருங்க. அந்த ஸ்டூல்ல எண்ணெய் இருக்கு, துடைச்சுக்குங்க.

— ஜன்னலுக்கு இந்தப் பக்கம் இன்னைக்குத்தான் வர்றேன். ஸ்டோர் உள்ள இவ்வளவு பெருசா இருக்கு. வெளிய நின்னா உங்க முகமும் ஒரு பேனாவும்தான் தெரியும்.

— பேச்சை மாத்தாதீங்க. உங்க மெஷின் நாலாம் நம்பர். கட்டர்ல எத்தனை டிப்?

— அஞ்சு. உங்களுக்குத் தெரியாததா?

— தெரிஞ்சதைத்தான் கேப்பேன். தெரியாததைக் கேட்டா நீங்க கதை விடுவீங்க. ஒரு டிப்புக்கு எத்தனை முனை?

— நாலு. ஒரு முனை மழுங்கினா ஸ்க்ரூவைக் கழட்டி அடுத்த முனைக்குத் திருப்பணும். நாலும் மழுங்கினா பழசை உங்ககிட்ட குடுத்துட்டு, சீட்டு எழுதி, புதுசு வாங்கணும்.

— மத்த மெஷின்காரங்க வாரத்துக்கு ரெண்டு தடவை வர்றாங்க. நீங்க?

— அது வந்து, தேவைப்படும்போது.

— காலையில பத்து மணிக்கு. சாயந்திரம் மூணே காலுக்கு. ஒரு நாள் தவறல. காய்ச்சல்னு லீவ் போட்ட அன்னைக்குக்கூட மூணே காலுக்கு வந்து நின்னீங்க.

— அன்னைக்கு காய்ச்சல் விட்டுடுச்சு.

— உங்க சீட்டையெல்லாம் அடுக்கி வச்சா என் உயரத்துக்கு வரும்.

— நீங்க அவ்வளவு உயரம் இல்லையே மேடம்.

— எழுதிக்கிறேன்.

— எதை?

— திமிரை. இந்தத் தாள் எதுக்குன்னு தெரியுமா?

— புது ஷெட்டுக்கு ஆள் எடுக்கறதுக்கு.

— ஊருக்கு அந்தக் கோடியில. புது மெஷின். அங்க வெட்டப் போற இரும்பு கெட்டி, டிப்பைத் தின்னுடும். அதனால யார் கையில டிப் அதிக நாள் உழைக்குதோ அவரைத்தான் அனுப்பணும்னு மேனேஜர் சொல்லிட்டார். அங்க வெளிச்சம் இருக்கு, காத்து வருது, தலைமை மில்லர்னு பேர் வேற. ரெண்டு வாரமா எல்லாரும் என்கிட்ட நல்ல பிள்ளையா நடந்துக்குறாங்க. ரெண்டாம் நம்பர் மெஷின்காரர் என் நாற்காலியைத் துடைச்சு விட்டார். நீங்க ஒருத்தர்தான் கெட்ட பேர் வாங்க அலையறீங்க.

— எனக்குப் பேராசை கிடையாது மேடம்.

— சரி. டிப் ஏன் நிக்கலன்னு காரணம் சொல்லுங்க. ஒவ்வொண்ணா எழுதிக்கிறேன்.

— ஸ்க்ரூவைச் சரியா முறுக்கல.

— ஒண்ணு, ஸ்க்ரூ.

— டிப் உக்கார்ற குழியில தூசி இருந்துச்சு. துடைக்காம மாட்டிட்டேன். ஆடுச்சு. முனை தெறிச்சுது.

— ரெண்டு, தூசி.

— கூலன்ட். வெட்டும்போது முனை கொதிக்கும். அது மேல அந்தத் தண்ணியை ஊத்தினா சூடு, குளிர், சூடு, குளிர்னு மாறி மாறி விரிசல் விட்டுடும். அது தெரிஞ்சும் ஊத்திட்டேன்.

— மூணு, தெரிஞ்சும் ஊத்தினார்.

— ஃபீடு வேகத்தை ஏத்தி வச்சு விரட்டினேன்.

— நாலு, விரட்டினார்.

— அப்புறம் ஃபீடை ரொம்பக் குறைச்சுட்டேன். குறைச்சா முனை வெட்டாது, உரசும். உரசியே வீணாப் போகும்.

— ஒரே கட்டர்ல விரட்டவும் செஞ்சீங்க, உரசவும் விட்டீங்க.

— காலையில விரட்டினேன். மத்தியானம் உரசினேன்.

— அதான் பத்துக்கும் மூணே காலுக்கும் வர்றீங்க.

— கரெக்ட்டா பிடிச்சுட்டீங்க.

— இப்படி ஒரு மில்லர் இருந்தா மெஷினே ராஜினாமா எழுதிக் குடுத்துடும்.

— அதைத்தான் நானும் சொல்றேன். என்னை அனுப்பாதீங்க.

— இப்ப நான் படிக்கிறேன், கேளுங்க. ஸ்க்ரூ. கழட்டிக் கழட்டி மாட்டினா மரை தளரும்னு புது ஸ்க்ரூ கேட்டு ஜன்னலுக்கு வர்ற ஆள் இந்தக் கம்பெனியிலயே நீங்க ஒருத்தர்தான். தூசி. குழி துடைக்கன்னு தனியா ஒரு வெள்ளைத் துணி வச்சிருக்கீங்க. ரெண்டாம் நம்பர் அதுல கை துடைச்சதுக்கு ஒரு நாள் முழுக்க அவர்கூடப் பேசல.

— ரெண்டு நாள்.

— கூலன்ட். உங்க மெஷின்ல பம்ப் ரிப்பேர் ஆகி மூணு மாசம். புகார் குடுத்தீங்களா?

— இல்ல.

— ஏன்?

— எதுக்குக் குடுக்கணும்? காத்துக் குழாயை வச்சு இரும்புச் சுருளை ஊதி விட்டாப் போதும். வெட்டின சுருளையே கட்டர் திரும்ப வெட்டாம பாத்துக்கிட்டா முனை அது பாட்டுக்கு ஓடும். பம்ப் வந்தாத்தான் எனக்குக் கெடுதல்.

— இப்பதான் மில்லிங்காரர் பேசுறார். எழுதிக்கவா?

— வேண்டாம். அதை விட்டுடுங்க.

— அடுத்து, கட்டரை நேரா கொண்டு போய் இடிச்சுட்டேன்னு சொல்லப் போறீங்க.

— ஆமா. அதை மறந்தே போயிட்டேன். நேரா கொண்டு போய்...

— பொய். இரும்பு பிளேட் ஓரத்துல நீங்க கட்டரை நேரா விட்டதே இல்ல. வளைச்சு, வட்டம் போட்டு, உருட்டின மாதிரி உள்ள கொண்டு போவீங்க. நுழையும்போது தடியா வெட்டும், வெளிய வரும்போது மெலிசா முடிக்கும். தூங்குற குழந்தையைப் படுக்கையில விடுற மாதிரி இருக்கும். மத்த மெஷின்ல எல்லாம் டக்குன்னு ஒரு சத்தம் வரும். அந்த டக்குலதான் முனை போகுது. உங்களுதுல அந்தச் சத்தமே கிடையாது.

— மேடம்.

— என்ன?

— ஸ்டோர்ல இருந்து நாலாம் நம்பர் தெரியாதே. நடுவுல சுவர்.

— அது, தண்ணி குடிக்கப் போகும்போது பாத்தது.

— தண்ணிக் குழாய் பின்பக்கம். என் மெஷின் முன்பக்கம்.

— கேள்வி கேக்குறது நானா நீங்களா?

— நீங்கதான்.

— அப்ப கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க.

— நீங்க இன்னும் கேக்கவே இல்லையே.

— இந்தாங்க, இதான் கேள்வி. இன்னைக்குக் காலையில பத்து மணிக்கு, முடிஞ்சு போச்சுன்னு நீங்க திருப்பிக் குடுத்த அஞ்சு டிப். பூதக்கண்ணாடி இருக்கு. எது முடிஞ்சு போச்சுன்னு காட்டுங்க.

— வெளிச்சம் பத்தல.

— லைட் போட்டாச்சு.

— இங்க. லேசா தேஞ்சிருக்கு.

— முடி அளவு. இன்னும் மூணு மடங்கு தேஞ்சாலும் வெட்டும்னு நீங்கதான் அன்னைக்கு ஒண்ணாம் நம்பர்கிட்ட சொன்னீங்க.

— அதுவும் தண்ணி குடிக்கப் போகும்போதா?

— எழுதிக்கிறேன். அந்த டிப் நடுவுல ஓட்டை இருக்கு பாருங்க. ஸ்க்ரூ போற ஓட்டை. கண்ணாடியை எடுத்து அதுக்கிட்ட கொண்டு போங்க. உள்ள என்ன இருக்கு?

— அஞ்சு புள்ளி.

— என்ன சொன்னீங்க?

— ஒண்ணும் சொல்லலையே.

— கண்ணாடி இன்னும் மேசை மேல கிடக்கு. நீங்க கையிலயே எடுக்கல. அஞ்சுன்னு எப்படித் தெரியும்?

— அது வந்து...

— வந்து என்ன? சொல்லுங்க.

— நேத்து மூணே காலுக்கு மாட்டும்போது நாலு இருந்துச்சு. இன்னைக்கு நான் திருப்பிக் குடுத்ததுக்கு ஒண்ணு வச்சிருப்பீங்கன்னு ஒரு கணக்கு.

— அப்ப உங்களுக்குத் தெரியும்.

— என் கையில வெட்டின முனை எனக்குத் தெரியாதா மேடம்? முதல் நாளே தெரிஞ்சுது. டப்பா புதுசு, ஸ்டிக்கர் புதுசு, உள்ள என் டிப். மண்ணெண்ணெய்ல கழுவி, துடைச்சு, எல்லாம் ஒரே பக்கம் பாத்த மாதிரி அடுக்கி. டிப் கம்பெனிக்காரன் அப்படி அடுக்க மாட்டான். ஓட்டைக்குள்ள பாத்தா சிவப்பா ஒரு புள்ளி.

— எத்தனை நாளா தெரியும்?

— நாலு மாசமா.

— நாலு மாசமா நான் குடுக்குறது பழசுன்னு தெரிஞ்சும் கையெழுத்துப் போட்டு வாங்கிட்டுப் போனீங்க.

— நாலு மாசமா நான் குடுக்குறது தேயலன்னு தெரிஞ்சும் வாங்கிக் கழுவி வச்சீங்க.

— கம்பெனிப் பொருள். வீணாகக் கூடாது.

— அதேதான் நானும்.

— நீங்க என்ன அதேதான்?

— தெரியல. சொல்லிப் பாத்தேன்.

— “ஏன் மேடம் பழசைக் குடுக்குறீங்க”ன்னு நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?

— கேட்டா நிறுத்திடுவீங்க.

— எதை?

— புள்ளி வைக்கிறதை.

— நிறுத்தியிருக்க மாட்டேன்.

— அது என்ன பெயின்ட் மேடம்? அந்தச் சூட்டுக்கும் போகல.

— பெயின்ட் இல்ல. நகப்பூச்சு. குண்டூசியால தொட்டு வைப்பேன்.

— அடிப்பக்கம் வச்சிருந்தா வேலை சுலபமா முடிஞ்சிருக்குமே.

— அடியில வச்சா டிப் குழியில சரியா உக்காராது. ஒரு பக்கம் தூக்கும். அப்புறம் நீங்க சொன்ன பொய் உண்மையாயிடும். அதான் ஓட்டைக்குள்ள.

— அதுவும் சரிதான்.

— வீட்டுல அண்ணி பாட்டிலைப் பிடிச்சுட்டாங்க. தினம் கைப்பையில போட்டு எடுத்துட்டுப் போற, விரல்ல ஒண்ணையும் காணோம், யாருக்குப் பூசுறன்னு கேட்டாங்க.

— என்ன சொன்னீங்க?

— நாலாம் நம்பருக்குன்னு சொன்னேன்.

— அய்யோ.

— மெஷின்னு விளக்கமாச் சொன்னேன். நம்பல. அன்னைக்கிலிருந்து நான் தட்டு முன்னாடி உக்காந்தா, நாலு சாப்பிட்டாச்சான்னு கேக்குறாங்க. அண்ணன் பேப்பருக்குப் பின்னாடி சிரிக்கிறார்.

— எங்க வீட்டுல அக்கா. எண்ணெய்தானே படப் போகுது, தினம் எதுக்கு சட்டைக்கு இஸ்திரின்னு கேக்குது.

— எண்ணெய் எங்க பட்டுச்சு? பத்து மணிக்கு வரும்போது சுத்தமாத்தான் இருக்கு.

— மேல ஒரு பழைய சட்டை போட்டிருப்பேன். இங்க வரும்போது கழட்டி வச்சுட்டு வருவேன்.

— மூணே காலுக்கும்?

— மூணே காலுக்கும்.

— எழுதிக்கிறேன்.

— அதை எந்தக் கட்டத்துல எழுதுவீங்க?

— அதைத் தாள்ல எழுத மாட்டேன். சரி, இதெல்லாம் எப்ப ஆரம்பிச்சுது? அதையாவது மறைக்காம சொல்லுங்க.

— நாலு மாசம் முன்னாடி நிஜமாவே ஒரு டிப் உடைஞ்சுது. பாதியா. எடுத்துட்டு வந்து ஜன்னல்ல வச்சேன். திட்டுவீங்கன்னு நினைச்சேன். நீங்க கண்ணாடியில ரொம்ப நேரம் பாத்தீங்க. பாத்துட்டு, இது உங்க தப்பு இல்ல, பிளேட்டுல எங்கயோ ஒரு கெட்டி இடம் இருந்திருக்கு, பாவம் இது என்ன பண்ணும்னு சொன்னீங்க.

— டிப்பைத்தான் பாவம்னு சொன்னேன்.

— தெரியும். பன்னெண்டு வருஷமா மில்லிங் ஓட்டுறேன் மேடம். எது உடைஞ்சாலும் முதல்ல என் மூஞ்சியைத்தான் பாப்பாங்க. நீங்க டிப்பைப் பாத்தீங்க.

— அதுக்காக மறுநாள் நல்ல டிப்பைக் கழட்டிட்டு வந்தீங்களா?

— மறுநாள் இல்ல. அன்னைக்கே. மூணே காலுக்கு.

— உங்களை என்ன பண்றதுன்னே தெரியல.

— இங்கயே விட்டுடுங்க, போதும். மணி பதினொண்ணு அம்பது. ஒரே ஒரு உதவி மேடம். சீட்டுல இருக்குறதை மட்டும் அப்படியே எழுதுங்க. ஒரு நாளைக்குப் பத்து டிப் தின்னுறான், கடைசி இடம். அவ்வளவுதான்.

— புது மெஷின் வேண்டாமா?

— என் மெஷினுக்கு என்ன குறைச்சல்?

— பம்ப் ஓடல. மேசை ஆடுது.

— கூடச் சேந்து நானும் ஆடிக்கிறேன்.

— இந்தக் கையை வச்சிருக்குற மனுஷனை என் கையால கடைசியில எழுத மாட்டேன்.

— உங்க கை எழுத வேண்டாம். டைப் அடிச்சுக் குடுங்க.

— கொஞ்சம் பேசாம இருங்க. பூட்ஸ் சத்தம். ஃபோர்மேன் வர்றார்.

— ஏம்மா ஸ்டோர், தாள் ரெடியா? அட, நாலு. நீ எங்கய்யா உள்ள? ஜன்னல் பத்தலையா உனக்கு?

— விசாரணைக்குக் கூப்பிட்டாங்க ஃபோர்மேன் சார்.

— நல்லா விசாரிம்மா. டிப்பைக் கடலை மாதிரி கொறிக்கிறான். வேலை மட்டும் முகம் பாக்குற மாதிரி பளபளன்னு வருது. அதான் எனக்கு மண்டை காயுது. சரி, சுருக்கமா சொல்லு. முதல்ல யாரு?

— நாலாம் நம்பர்.

— கடைசியைக் கேக்கலம்மா. முதல்ல யாரு?

— நாலாம் நம்பர்தான் சார்.

— சார், மேடம் தாளைத் தலைகீழா பிடிச்சிருக்காங்க.

— நீ சும்மா இரு. ஏம்மா, சீட்டு வேற என்னமோ சொல்லுதே?

— சீட்டை விடுங்க சார். அந்த அலமாரி அடியில மெஷினுக்கு ஒண்ணா டப்பா இருக்கு. நாலு முனையும் செத்த டிப்பை மட்டும்தான் அதுல போடுவேன். ரெண்டாம் நம்பர் டப்பாவைத் தூக்குங்க.

— அப்பா. இடுப்பு பிடிச்சுக்கிச்சு.

— ஒண்ணாம் நம்பர்.

— இதுவும் அதே கனம். மூணாம் நம்பரை நான் தொட மாட்டேன், பாத்தாலே தெரியுது.

— நாலாம் நம்பர்.

— இது காலியா? இல்ல, கிலுகிலுன்னு ஏதோ ஓடுது. குழந்தைக்குக் குடுக்கலாம் போல.

— நாலு மாசத்துக்கு மொத்தமே அவ்வளவுதான். கையில கொட்டிப் பாருங்க. நாலு முனையும் ஒரே அளவு தேஞ்சிருக்கும். உடைஞ்சது ஒண்ணே ஒண்ணு. அதுவும் பிளேட் பண்ணின தப்பு.

— ஆமாம்மா. நிஜம்தான். என் சர்வீஸ்ல இப்படி ஒரு டப்பாவைப் பாத்ததில்ல. அப்ப தினம் ரெண்டு சீட்டு எதுக்கு எழுதுறான்?

— ஃபோர்மேன் சார், அது வந்து...

— ரெண்டு பேரும் எதுக்கு ஃபேனைப் பாக்குறீங்க?

— அவருக்கு ஜாக்கிரதை ஜாஸ்தி சார். அரை நாளைக்கு ஒரு தடவை கழட்டிக் கொண்டு வந்து காட்டுவார். நான் கண்ணாடியில பாத்து, கழுவிக் குடுப்பேன். அதுக்குத்தான் சீட்டு.

— அதை மெஷின் பக்கத்துல நின்னே பாத்துக்கலாமே.

— கண்ணாடி இங்கதானே சார் இருக்கு.

— கண்ணாடி இங்க இருக்கு. சரிம்மா. எனக்கும் கல்யாணம் ஆகி முப்பது வருஷம் ஆச்சு. நானும் இப்படி ஒரு கண்ணாடி பாக்கப் போய்த்தான் மாட்டினேன். ஏம்ப்பா நாலு, திங்கட்கிழமை எட்டு மணி, புது ஷெட்.

— சார், ஒரு பத்து நாள் யோசிச்சு...

— யோசிக்கிறானாம். நாற்காலி துடைச்சவனுக்கே கிடைக்காத இடம்யா. கையைக் குடு. தாளைக் கொண்டாம்மா. கையெழுத்து இருக்கு. வர்றேன்.

— போயிட்டார்.

— போயிட்டார்.

— என்னை அனுப்பிட்டீங்க மேடம்.

— உண்மையை எழுதினேன்.

— கொஞ்சம் பொய் எழுதியிருக்கலாம். நான் இவ்வளவு சொன்னேனே.

— கோபமா?

— கோபம் இல்ல. திங்கட்கிழமை பத்து மணிக்கு என் கால் தானா இந்தப் பக்கம் திரும்பும். அங்க திரும்பினா என்ன இருக்கும்னு யோசிக்கிறேன்.

— அங்கயும் ஸ்டோர் உண்டு. அங்கயும் ஜன்னல் உண்டு. இதைவிடப் பெருசுன்னு சொன்னாங்க.

— ஜன்னலை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? நான் ஜன்னலுக்கா வந்தேன்?

— அப்ப எதுக்கு வந்தீங்க? இப்ப சரியா கேள்வி கேட்டுட்டேன். பதில் சொல்லுங்க.

— டிப்புக்கு இல்ல.

— எழுதிக்கிறேன்.

— எழுதிக்குங்க. கையெழுத்தும் போட்டுத் தர்றேன்.

— உங்க முழங்கைகிட்ட ஒரு டிராயர் இருக்கு. திறங்க.

— எதுக்கு?

— திறங்கன்னா திறங்க.

— பேனா. நகப்பூச்சு. பாதிதான் இருக்கு. ஒரு வளையத்துல ரெண்டு சாவி. தகட்டுல என்னமோ அடிச்சிருக்கு. புது ஷெட், ஸ்டோர். மேடம், இது எப்படி உங்ககிட்ட வந்துச்சு?

— மேனேஜர்கிட்ட நானே கேட்டு வாங்கினேன். நேத்து சாயந்திரம்.

— நேத்தா? அங்க யாரு போறாங்கன்னு நேத்து யாருக்குமே தெரியாதே.

— தாள் எழுதுறது யாரு?

— மேடம்.

— சிரிக்காதீங்க, வெளிய கேக்கும். அங்க சட்டம் வேற. சீட்டு எழுதினா மட்டும் புதுசு கிடைக்காது. கண்ணாடியில பாப்பேன், நாலு முனையும் நிஜமா தேஞ்சிருக்கணும். எவ்வளவு கெட்டி இரும்பா இருந்தாலும் உங்க கையில ஒரு செட் ஆறு நாள் வரும். நடுவுல இருக்குற அஞ்சு நாளும் என்ன சொல்லிக்கிட்டு வருவீங்க?